அலுவலகக் கணினியில் நம் சொந்தத் தேடல்: எது தெரியும், எது தெரியாது?

சென்னை, பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களிலும், துபாய், ரியாத், சிங்கப்பூர் அலுவலகங்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமானோர் வேலை பார்க்கிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அலுவலகக் கணினியின் முன்னால்தான் கழிகிறது. வீட்டு வேலைகளும் அந்த நேரத்திற்குள் வந்து விழுகின்றன. உம்மாவின் ஸ்கேன் அறிக்கையை மருத்துவமனைத் தளத்திலிருந்து இறக்க வேண்டும். மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு இன்றுதான் கடைசி நாள். தங்கைக்கு வந்த வரனைப் பற்றி விசாரிக்க வேண்டும். வேறு ஒரு நிறுவனத்தில் வேலை இருப்பதாக நண்பர் சுட்டி அனுப்பியிருக்கிறார்.

இவற்றில் எதுவும் தவறான காரியம் அல்ல. ஆனால் எல்லாமே பிறர் அறியத் தேவையில்லாதவை. கருத்தரிப்புச் சிகிச்சை பற்றி ஒரு சகோதரி தேடிய விவரமோ, கடன் மறுசீரமைப்பு பற்றி ஒரு குடும்பத் தலைவர் படித்த பக்கமோ மேலாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் அதன் விளைவை அனுபவிப்பது அந்தக் குடும்பம்தான். எனவே அலுவலகத்தில் நாம் திறக்கும் பக்கங்களில் எவை யாருக்குத் தெரியும், எவை தெரியாது என்பதை முறையாக அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்காக்னிட்டோ எதை மறைக்கிறது?

பலருடைய நம்பிக்கை இந்தக் கறுப்புத் திரையின் மீதுதான் இருக்கிறது. குரோமில் இன்காக்னிட்டோ என்றும், பிற உலாவிகளில் தனிப்பட்ட சாளரம் என்றும் இருப்பது ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறது. சாளரத்தை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கீகள், படிவத்தில் தட்டியவை ஆகியவை அந்த உலாவியிலிருந்து அழிந்துவிடும். நமக்குப் பிறகு அதே கணினியில் அமர்பவர் அவற்றைப் பார்க்க முடியாது.

அதற்கு மேல் அது எதையும் மறைப்பதில்லை. நாம் போகும் தளத்திற்கும், இணைய இணைப்பு தருபவருக்கும், நிறுவனத்திற்கும் நம் நடமாட்டம் தெரியக்கூடும் என்று அந்தச் சாளரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பயன்முறையின் பெயரை நம்பி ஏமாந்ததாகக் கூறி அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2024-ல் ஏற்பட்ட சமரசத்தில், இன்காக்னிட்டோவில் உலாவியவர்களைப் பற்றிச் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

கம்பியின் நடுவில் இருப்பவர்

நாம் ஒரு முகவரியைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று கணினி முதலில் ஒரு சர்வரிடம் கேட்கிறது. இதற்கு டி.என்.எஸ். என்று பெயர். அலுவலகத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்கே போகிறது. ஆகவே எந்தக் கணினி எத்தனை மணிக்கு எந்தத் தளத்தைத் தேடியது என்பது அங்கே பதிவாக முடியும்.

முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருந்தால், நமக்கும் தளத்திற்கும் இடையே போகும் செய்தி பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நடுவில் இருப்பவருக்குத் தளத்தின் பெயர் தெரியும். அதற்குள் எந்தப் பக்கத்தைத் திறந்தோம், என்ன எழுதினோம் என்பது தெரியாது. ஒரு மருத்துவமனைத் தளத்திற்குப் போனது தெரியும், எந்த நோயைப் பற்றிப் படித்தோம் என்பது தெரியாது. ஆனால் சில சமயம் தளத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வேலை தேடும் தளத்தை ஒருவர் தினமும் மதியம் திறக்கிறார் என்றால், அவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நிறுவனம் கொடுத்த கணினியாக இருந்தால் இந்தப் பூட்டும் உறுதியல்ல. நிறுவனம் தன்னுடைய சான்றிதழ் ஒன்றை அந்தக் கணினியில் முன்கூட்டியே நிறுவி வைத்திருக்கலாம். அப்போது செய்தி நிறுவனத்தின் பாதுகாப்புக் கருவியில் திறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு வெளியே போகிறது. வைரஸைத் தடுக்கவும், ரகசியக் கோப்புகள் வெளியேறாமல் பார்க்கவும் இதைச் செய்கிறார்கள். வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு அளிக்கும் நிறுவனங்களும் உண்டு. அது அந்த நிறுவனத்தின் விருப்பம்.

இதை நாமே ஓரளவு சோதிக்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே நம் நிறுவனத்தின் பெயரோ ஏதாவது பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், நடுவில் ஒருவர் திறந்து பார்க்கிறார் என்று கொள்ளலாம். குரோமின் மெனுவில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி இருந்தால், அந்த உலாவியின் அமைப்புகள் நம் கையில் இல்லை என்று அறியவும்.

கணினிக்குள்ளேயே இருக்கும் கண்

வலையமைப்பில் எவ்வளவு பூட்டுப் போட்டாலும், திரையில் தெரிவதைப் பூட்ட முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் திரையைப் படம் எடுப்பது, எந்தச் செயலி எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று கணக்கிடுவது, தட்டும் விசைகளைப் பதிவு செய்வது ஆகிய அனைத்திற்கும் மென்பொருள்கள் உள்ளன. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்வது பரவியபோது இவற்றின் பயன்பாடும் கூடியது. வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் அதை அலுவலகக் கணினியின் திரையில் விரித்து வைத்தால் அந்தப் பூட்டால் பயன் இல்லை.

நாம் கவனிக்கத் தவறும் வழிகள் இன்னும் சில உண்டு. அலுவலக அச்சு இயந்திரம் யார், எப்போது, எந்தப் பெயருள்ள கோப்பை, எத்தனை பக்கம் எடுத்தார் என்று பதிவு வைத்திருக்கக்கூடும். அலுவலக அரட்டைச் செயலிகளில் இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் செய்திகளையும் தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கும் வசதி நிர்வாகத்திற்கு இருக்கலாம். சொந்தக் கூகுள் கணக்கை அலுவலக உலாவியில் இணைத்து ஒத்திசைவை இயக்கினால், வீட்டில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அந்தக் கணினிக்கு வந்து சேரும். பிள்ளைகள் வீட்டில் தேடியதும் கூடவே வரும்.

சொந்தக் கைபேசி என்றால்?

நம் பணத்தில் வாங்கிய கைபேசி, நம் சிம்மின் டேட்டா என்றால் அலுவலகத்தின் வலையமைப்பிற்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. அதே கைபேசியை அலுவலக வைஃபையில் இணைத்தால், போகும் தளங்களின் பெயர் அங்கே பதிவாகலாம்.

அலுவலக மின்னஞ்சலைக் கைபேசியில் சேர்க்கும்போது, சாதனத்தை நிர்வகிக்க அனுமதி கேட்டு ஒரு திரை வரும். பலரும் படிக்காமல் சம்மதம் தருவது இங்கேதான். ஆண்ட்ராய்டில் ‘பணி சுயவிவரம்’ என்ற தனிப் பகுதியாக நிறுவப்பட்டால், அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டி அடையாளத்துடன் தனியாக நிற்கும். நம் சொந்தப் பகுதியில் உள்ள படங்களும் தேடல்களும் நிறுவனத்திற்குத் தெரியாது. நிறுவனமே வாங்கித் தந்து முழுமையாக நிர்வகிக்கும் கைபேசியில் இந்தப் பிரிவு இல்லாமல் போகலாம். ஐபோனில் ‘பொது’ அமைப்புகளுக்குள் வி.பி.என். மற்றும் சாதன நிர்வாகம் என்ற இடத்தில், எந்த நிறுவனம் என்ன அதிகாரம் வைத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு ஒன்று ருமேனியாவிலிருந்து வந்தது. புக்காரெஸ்ட் நகரின் தனியார் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பொறுப்பில் இருந்த பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக நிர்வாகம் கேட்டபடி யாஹூ மெசஞ்சரில் கணக்குத் தொடங்கினார். 2007 ஜூலையில் சில நாட்கள் அவருடைய உரையாடல்களை நிறுவனம் பதிவு செய்தது. சொந்தக் காரியத்திற்குப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். உடனே 45 பக்க அச்சுப் பிரதி அவர் முன்னால் வைக்கப்பட்டது. தன் சகோதரருடனும், மணம் முடிக்க இருந்த பெண்ணுடனும் அவர் பேசிய அந்தரங்கமான பேச்சுகள் அதில் இருந்தன. ஆகஸ்ட் 1 அன்று பணி நீக்கம் செய்யப்பட்டார்.

ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முதல் அமர்வும் 2016 ஜனவரியில் அப்படியே தீர்ப்பளித்தது. ஆனால் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, 2017 செப்டம்பர் 5 அன்று, 11 பேர் ஆதரவாகவும் 6 பேர் எதிராகவும் அதை மாற்றியது. சொந்தப் பயன்பாட்டிற்குத் தடை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தன் செய்திகளின் உள்ளடக்கமே படிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்படவில்லை. இதைத்தான் நீதிபதிகள் முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பு தரப்பட்டதா, எவ்வளவு பார்த்தார்கள், அதற்குத் தக்க காரணம் உண்டா, குறைவாகப் பார்த்தே காரியத்தை முடித்திருக்க முடியாதா ஆகிய கேள்விகளைத் தேசிய நீதிமன்றங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். நிறுவனத்தின் விதிகளால் ஒரு மனிதனின் சொந்த வாழ்க்கையை முழுவதுமாகத் துடைத்துவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஆயினும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் பணியாளரின் தரவைத் தனிச் சம்மதம் பெறாமலே கையாள இடம் தருகிறது. எனவே ‘என் உரிமை’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அலுவலகக் கண்ணிலிருந்து தப்ப வி.பி.என். போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் கூறவில்லை. ஆனால் அங்கே தடை செய்யப்பட்டதை அதன் வழியாகப் பார்ப்பது பெரும் ஆபத்தில் கொண்டு விடும். எந்த நாட்டிலும் அலுவலகக் கணினியில் அனுமதியின்றி வி.பி.என். நிறுவுவது, மறைத்த விஷயத்தை விடப் பெரிய குற்றச்சாட்டாக மாறக்கூடும்.

இரு பக்கமும் உள்ள அமானிதம்

பிறருடைய குறைகளைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்பது நமக்குப் போதிக்கப்பட்ட ஒழுக்கம். அது முதலாளிக்கும் பொருந்தும். அதே நேரத்தில், சம்பளம் பெறும் நேரமும், கையில் தரப்பட்ட கணினியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஐந்து நிமிடத்தில் கட்டணம் செலுத்துவது வேறு, அரை நாளைக் கழிப்பது வேறு. அந்தரங்கத்தைக் காப்பதற்கான வழிகளை, வேலையைத் தட்டிக் கழிப்பதற்கான வழிகளாக ஆக்கிக்கொள்ளக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. சொந்தக் காரியங்களைச் சொந்தக் கைபேசியில், சொந்த டேட்டாவில், இடைவேளையில் முடித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா வழிகளையும் விட இதுவே எளிது, பாதுகாப்பானது.

2. பணியில் சேரும்போது கையெழுத்திட்ட கணினிப் பயன்பாட்டு விதிகளை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். கண்காணிப்பு பற்றி அதில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. புரியாததை மனிதவளத் துறையிடம் மரியாதையாகக் கேட்கலாம்.

3. மருத்துவம், குடும்பத் தகராறு, கடன், வேறு வேலை ஆகிய நான்கையும் அலுவலகக் கணினியில் தேடவே வேண்டாம்.

4. வங்கி, ஆதார், பாஸ்போர்ட், பிள்ளைகளின் பள்ளி எதற்கும் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். வேலை போகும் நாளில் அந்த அஞ்சல் பெட்டியும் மூடப்படும். கடவுச்சொல்லை மீட்கும் வழியும் அதோடு போய்விடும்.

5. அலுவலக உலாவியில் சொந்தக் கணக்கை ஒத்திசைக்காதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் வெளியேறி, சேமித்த கடவுச்சொற்களை அங்கிருந்து நீக்குங்கள்.

6. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை இன்றே திறந்து பாருங்கள். அலுவலகக் கணினி அதில் இருந்தால், தேவையில்லாத இணைப்பைத் துண்டியுங்கள்.

7. நிறுவனத்தின் மடிக்கணினியை வீட்டிற்குக் கொண்டு வந்தாலும் அது நிறுவனத்தின் சொத்துதான். பிள்ளைகளின் பாடத்திற்கோ, வீட்டாரின் தேவைக்கோ அதைக் கொடுக்க வேண்டாம்.

8. வேலையை விட்டு விலக முடிவு செய்தால், சொந்தப் படங்களையும் ஆவணங்களையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்பு ஒன்றுகூட உடன் வந்துவிடக் கூடாது. பதிவுகளை அவசரமாக அழிப்பதும் வேண்டாம். அது சந்தேகத்தைக் கிளப்பும், சில இடங்களில் விதிமீறலும் ஆகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கணவருக்கோ மகளுக்கோ வேலை நேரத்தில் அலுவலக மின்னஞ்சலுக்கு மருத்துவ அறிக்கை அனுப்புவதும், குடும்பப் பிரச்சினையை அலுவலக அரட்டையில் எழுதச் சொல்வதும் நாம்தான். மாலை வரை பொறுக்கக் கூடியது பொறுக்கட்டும். பொறுக்க முடியாத அவசரம் என்றால் கைபேசியில் அழையுங்கள், அவர் எழுந்து வெளியே வந்து பேசட்டும்.