நால்வர் என்னும் கணக்கு

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தார்க்கு வில்லாண்மை பற்றிய பேச்சு புதிதன்று. வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. ஒருவன் கைத்திறனைப் போற்றுவது கவிஞர்க்கு எளிது. முறைவைத்துத் தொடுக்கும் பலருடைய கூட்டுத்திறனை அளப்பதோ அரிது. பந்தெறிவோர் வரிசைகளுள் தலைசிறந்தது எது என்று விளையாட்டு வரலாற்றில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கு இந்த அருமையிலிருந்தே பிறந்தது.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் நாள்தோறும் ஆட்டம் உண்டு. பந்தெறிவோரோ முறைவைத்து, இடையிடையே ஓய்ந்து எறிவர். 1971ஆம் ஆண்டில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மெக்னாலி 21 வெற்றிகளும், குவெயார், டாப்சன், பால்மர் ஆகிய மூவரும் தலைக்கு 20 வெற்றிகளும் ஈட்டினர். அந்நால்வரையும் தலைவரிசையில் வைப்போர் உளர். ஆயினும் அவ்வாண்டின் இறுதித் தொடரில் பிட்ஸ்பர்க் அணியிடம் பால்டிமோர் தோற்றது. எண்ணிக்கை ஒன்று கூற, முடிவு வேறொன்று கூறியது.

இந்திய நால்வர்

நம் நாட்டில் இவ்வழக்கு எழும்போதெல்லாம் சொல்லப்படும் பெயர்கள் நான்கு. இடக்கைச் சுழலில் அமிர்தசரசின் பிஷன் சிங் பேடி, 266 விக்கெட்டுகள். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையையே படைக்கலமாக்கிய மைசூர்ச் சந்திரசேகர், 242. பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு மட்டையாளரை முன்னழைத்து வீழ்த்திய பெங்களூர்ப் பிரசன்னா, 189. நெடிய உருவும் பிசகாத குறியும் கொண்ட சென்னை வெங்கட்ராகவன், 156. கூட்டினால் 853 விக்கெட்டுகள்.

கூட்டுத்தொகை பெரிது, ஆயின் அது மறைப்பதும் பெரிது. இந்நால்வரும் ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் சேர்ந்து களமிறங்கியது ஒரே ஒருமுறைதான். 1967 சூலையில் பர்மிங்காமில் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் இந்தியா 132 ஓட்டங்களில் தோற்றது.

இதனைக் கேட்டு வியப்போர் தமிழ் மரபை எண்ணிப் பார்த்தல் தகும். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரை நால்வர் என ஒருசேர வழங்குகிறோம். அப்பரும் சம்பந்தரும் ஒரே காலத்தவர், சுந்தரர் பிற்பட்டவர், மாணிக்கவாசகர் காலமோ ஆய்வாளரிடையே தீராத வழக்கு. அவர்களை ஒருங்கு நிறுத்தியது பின்வந்தோர் நெஞ்சம். சுழற்பந்து நால்வரையும் அவ்வாறே நினைவு ஒன்றுசேர்த்தது.

ஓர் இடமும் இருவரும்

நால்வரும் சேர்ந்து ஆடாமைக்குக் காரணம் எளியது. பிரசன்னாவும் வெங்கட்ராகவனும் ஒரே வகையான ஆஃப் ஸ்பின் வீசியவர்கள். பெரும்பாலும் அவ்வகைக்கு அணியில் இருந்தது ஓரிடமே. பட்டோடி தலைமையில் 1968இல் நியூசிலாந்தில் இந்தியா தன் முதல் அயல்மண் தொடரை வென்றபோது பிரசன்னா 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1971இல் வடேகர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளை வென்ற தொடரில் வெங்கட்ராகவன் 22 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவ்வாண்டே இங்கிலாந்திலும் இடம் அவர்க்கே கிட்டியது. பிரசன்னா அங்கு ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை.

1971 ஆகஸ்டில் ஓவல் திடலில் இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டதை இன்றும் சந்திரசேகரின் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டு என்றே உலகம் நினைவுகொள்கிறது. அன்று வெங்கட்ராகவன் வீழ்த்தியவை இரண்டு; பேடி ஒன்று; ஓர் ஆட்டக்காரர் ஓடி வெளியேறினார். சந்திரசேகரின் ஆறனுள் ஒன்று வெங்கட்ராகவன் பிடித்த பிடி. வெங்கட்ராகவன் பந்தில் நாட்டைச் சோல்கர் பிடித்த பிடியோ ஆட்டத்தின் திருப்பம். ஒருவர் பெயரில் ஏறிய விக்கெட்டுக்குள் மற்றவரின் கையும் கண்ணும் கலந்திருந்தன. பட்டியல் இதனைச் சொல்வதில்லை.

தீர்ப்பு எது?

மேற்கிந்தியத் தீவுகளின் ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராப்ட் ஆகியோர் எதிர்வழக்காக நிறுத்தப்படுவர். விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கொண்டு அளந்தால் அவர்களே மேலானவர். அந்நால்வருள் சராசரி மிகுந்த ராபர்ட்சுக்கே 25.61, இந்தியருள் மிகக் குறைந்த பேடிக்கு 28.71. இதனை மறுப்பது முறையன்று. ஆயின் அவர்கள் நால்வரும் ஒரே கலையின் நான்கு உச்சிகள். இந்தியரோ வேறுவேறு கலைகளின் கூட்டு. பேடியின் பொறுமை மட்டையாளரைக் கட்டிப்போட, மறுமுனையில் சந்திரசேகரின் கணிக்கவொண்ணாப் பந்து அவரை வீழ்த்தும். கூர்மையான வேகப்பந்து இல்லாத அணியில், சில ஓவர்களிலேயே புதுப்பந்தின் பளபளப்புப் போனதும் சுமை முழுவதையும் ஏற்றவர்கள் இவர்கள். இவ்வளவுகோலில் இவர்கட்கு நிகர் காண்பது அரிது.

வரிசையின் பெருமை அதன் கூட்டுத்தொகையில் இல்லை. காத்திருப்பவன் களம் புகும்போது வரிசை தாழாதிருப்பதில் உள்ளது. பிரசன்னா வெளியிலிருந்த இங்கிலாந்துத் தொடரை இந்தியா வென்றதில் வெங்கட்ராகவனின் ஆயத்தத்துக்கும் பங்குண்டு. வெங்கட்ராகவன் வெளியிலிருந்த நாள்களில் பிரசன்னா வென்றார். 36ஐத் தாண்டும் சராசரியைக் காட்டி வெங்கட்ராகவனை நான்காமவர் என ஒதுக்குவோர் இதனை மறந்தவர்.

அரை நூற்றாண்டு கழித்து, 2021 சனவரியில் பிரிஸ்பேன் திடலில் இவ்வுண்மை மீண்டும் மெய்ப்பட்டது. பும்ரா, ஷமி, உமேஷ், அசுவின், ஜடேஜா எனக் காயத்தால் ஒருவர்பின் ஒருவராக விலகினர். வலைப்பயிற்சிக்குப் பந்துவீசச் சென்றிருந்த சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராசனும், சென்னை வாசிங்டன் சுந்தரும் ஒரே நாளில் முதல் டெஸ்ட் கண்டனர். முதல் இன்னிங்சில் தலைக்கு மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினர். இந்தியா மூன்று விக்கெட்டு வேறுபாட்டில் வென்றது. அவ்வரிசையைத் தலைசிறந்தது என எவரும் பட்டியலிடார்; வெற்றி அதற்கே உரியதாயிற்று.

ஓரியின் அம்பைப் பாடப் புலவர் இருந்தார். தன் முறை வரும்வரை நாணேற்றிய வில்லோடு நிற்பவனைப் பாடும் பாட்டு, தமிழ்க் கவிஞர்க்கு இன்னும் கடனாகவே உள்ளது.