லேஸ், உப்பேரி, பூச்சை

எங்கள் ஆச்சி லேஸ் பின்னுவாள் என்று சொன்னால், "சிப்ஸை எப்படிப்பா பின்ன முடியும்?" என்று கேட்கிறாள் என் மகள். நியூஜெர்சியில் பிறந்த பிள்ளை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் சொன்னால் பாவாடை ஓரத்து லேஸும் பாக்கெட்டில் வரும் லேஸும் ஒன்றுதானே.

லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. அங்கே அதே கம்பெனியின் சரக்கு வாக்கர்ஸ் என்ற பேரில் வருகிறது. அதைச் சிப்ஸ் என்றும் சொல்ல மாட்டார்கள், கிரிஸ்ப்ஸ். அங்கே போய் சிப்ஸ் கேட்டால் மீனோடு தின்கிற தடித்தடியான உருளைக்கிழங்கு வரும். அதை இங்கே ஃப்ரைஸ் என்பார்கள்.

ஸ்ரீவராகத்தில் வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் பக்கம் உப்பேரி என்றால் ஓணத்து இலையில் வைக்கிற நேந்திரங்காய் வறுவல். அதே உப்பேரி, பாலக்காட்டுக்கும் மலபாருக்கும் போனால் பொரியலாகிவிடும். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி. கிழங்கு சங்கதி இன்னும் மோசம். விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880-85) திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனியை நாம் இங்கிலீஷில் டாப்பியோக்கா என்போம். அமெரிக்கக் கடையில் அந்தப் பேரைச் சொன்னால் ஜவ்வரிசி மாதிரி மணியோ மாவோதான் கிடைக்கும். கிழங்கு வேண்டுமென்றால் யூக்கா என்றோ கசாவா என்றோ கேட்க வேண்டும். இது பிடிபடுவதற்குள் நான் பாயசத்துக்கு வேண்டியதை மூன்று பாக்கெட் வாங்கியாகிவிட்டது :-)

கத்தரிக்காய் இங்கே எக்பிளான்ட், பிரிட்டனில் ஓபர்ஜீன். வேடிக்கை என்னவென்றால் முட்டைபோல் வெளுத்த காயைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் எக்பிளான்ட் என்று பேர் வைத்ததே பிரிட்டன்காரன்தான். அப்புறம் அவன் பிரெஞ்சுப் பேருக்குத் தாவிவிட்டான், அமெரிக்காக்காரன் பழையதையே பிடித்துக்கொண்டான். பழந்தமிழ் வழுதுணங்காயை மலையாளம் இன்னும் வழுதனங்ங என்று காப்பாற்றி வைத்திருப்பது மாதிரி. நம்முடைய பிரிஞ்சாலோ போர்ச்சுகீசியர் விட்டுப்போனது.

போர்ச்சுகீசியர் விட்டுப்போன இன்னொரு சொல்தான் ரேந்தை. தமிழில் லேஸுக்குப் பழைய பேர் அது. அவர்கள் மொழியில் ரெண்டா. இலங்கையில் காலி, வெலிகமப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் இன்றைக்கும் ரேந்த என்கிறார்கள், பின்னுகிற மரக்குச்சிக்குப் பீரலு என்று பேர். ஆனால் ஆச்சி வாயில் ரேந்தை என்று வந்து நான் கேட்டதில்லை. அவளுக்கு அது லேஸ்தான். ஏனென்றால் அவள் பிறந்த நாகர்கோவிலுக்கு அந்தக் கைவேலை வந்த கப்பல் வேறு.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் 1819ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1820களின் தொடக்கத்தில் லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் கைப்பின்னல்காரிகள் பிழைப்புக்குத் திண்டாட ஆரம்பித்திருந்தார்கள். ஜான் ஹீத்கோட் 1809லேயே லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அங்கே தேயத் தொடங்கிய தொழில் இங்கே தளிர்விட்டது. பின்னியதை இந்தியாவில் இருந்த துரைசானிகளும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் வாங்கினார்கள்.

படித்தவர்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. நாம் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் அன்றைக்கு மனிதர்களுக்கு விலை இருந்தது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றுவார்கள். மார்த்தாவின் பள்ளியில் அடிமைகளாக இருந்த சில பெண்கள், லேஸ் பின்னிச் சேர்த்த காசை எஜமானனிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். உத்திரம் திருநாள் மகாராஜா அடிமை முறையை ஒழித்து விளம்பரம் செய்தது 1855ல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த காரியம் இது. மிஷன் புத்தகங்களில் இதை மதத்தின் வெற்றியாக எழுதுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்களின் விரலுக்குத்தான் முதல் மரியாதை என்று தோன்றுகிறது.

இன்னொரு கொடுமையும் கூடவே நடந்துகொண்டிருந்தது. அதே ஊர்களில் நாடார் பெண்கள் மேல்சீலை போட்டதற்காக அடிபட்டார்கள். 1829ல் வந்த விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையைத் தடுத்தது. 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்று அரசு இறங்கி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால். சீமைப் பெண்களின் கழுத்துக்கும் கைக்கும் சரிகட்டிய ஊரில், தன் தோளில் ஒரு துண்டு போட இத்தனை பாடு.

லேஸ் காசு எவ்வளவு மெதுவாகச் சேரும் என்பது அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உருண்டையான கெட்டித் தலையணை. அதன்மேல் துளையிட்ட அட்டை. துளைக்கு ஒரு குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு ஜோடியை எடுத்து மாற்றிப் போடு, முறுக்கு, ஊசி குத்து. பின்னலை இறுக்கமாக வைத்திருப்பது அந்தக் குச்சிகளின் கனமும் ஊசிகளும்தான். கடகடவென்று சத்தம் கேட்கும், நாள் முழுக்க உட்கார்ந்தால் கொஞ்சம் நீளும்.

அந்தத் தொங்கலையும் சத்தத்தையும் எந்தப் பூச்சை சும்மா விடும்? (எங்கள் வீட்டில் பூனை கிடையாது, பூச்சைதான்.) ஸ்ரீவராகம் வீட்டில் ஆச்சி தலையணையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போன நேரம், மாத்தன் என்கிற எங்கள் கடுவன் அதன்மேல் பாய்ந்தது. ஊசிகள் பிடுங்கிக்கொண்டன, குச்சிகள் பின்னிக்கொண்டன. ஊசி போனால் பின்னல் தளர்ந்து எந்த ஜோடி எங்கே போகவேண்டும் என்றே தெரியாது. ஆச்சி திட்டவில்லை. "ஒரு மாச வேலை, மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதலில் பூச்சையின் வாயைத் திறந்து பார்த்தாள். நூலோ ஊசியோ வயிற்றுக்குள் போனால் குடலை அறுத்துவிடும் என்று இன்றைய மிருக வைத்தியர்களும் சொல்கிறார்கள். அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து சிக்கெடுத்தாள். அதற்கப்புறம் தலையணைமேல் எப்போதும் ஒரு பழைய முண்டு மூடியிருக்கும்.

ஆச்சிக்கு அது பொழுதுபோக்கு, கெட்டாலும் சோறு உண்டு. எஜமானனுக்குக் கொடுக்கக் காசு சேர்த்த பெண்ணின் தலையணையில் ஒரு பூச்சை பாய்ந்திருந்தால் ஒரு மாசம் கூடுதலாக அடிமை.

1897ல் பெல்ஜியத்திலிருந்து மதர் மரி லூயிஸ் டி மேஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார். அவர் தொடங்கிய கன்னியர் மடத்திலும் லேஸும் எம்பிராய்டரியும் வளர்ந்தன. 1956 நவம்பர் 1ல் நாகர்கோவிலும் முளகுமூடும் சென்னை மாநிலத்துக்குப் போக, திருவனந்தபுரத்துக்காரிகளான நாங்கள் சொல்லும் 'நம்ம ஊர் லேஸ்' வேறு மாநிலத்துச் சரக்காகிவிட்டது.

அந்த முதல் பெண்களின் வம்சம் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவது சுலபமில்லை. மால்ட் தம்பதிகளின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கோ, அந்தக்கால மிஷன் விடுதிகளில், படிப்புக்குப் பணம் அனுப்பிய இங்கிலாந்துக்காரர்கள் சொல்கிற பெயரை வைக்கிற வழக்கம் இருந்தது. அம்மா வைத்த பெயர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.