பதினைந்து ஊருக்கு இரண்டு பாதை

பழுதான போன் என்ற பெயரோடுதான் அது போய்ச் சேர்ந்தது. 'மல்ட்டி ஆக்சஸ் ரூரல் ரேடியோ', சுருக்கமாக 'மார்'. கம்பி இல்லாமல் பேசிய கிராமப் பொதுத் தொலைபேசி. 1990-களில் நாடெங்கும் ஊர் ஊராக வந்தது. பத்து, பதினைந்து வருடத்தில் கழற்றிவிட்டார்கள். அந்தக் கெட்ட பெயர் அதற்கு நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்தைச் சுற்றிய நிலத்தைப் பார்த்தால் அதன் தேவை புரியும். கரும்புக் கொல்லை, மாந்தோப்பு, நடுவே ஒரு பாறைக்குன்று, அதற்கப்பால் கொஞ்சம் வீடுகள். இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கம்பம் நட்டுச் செம்புக்கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் எக்ஸ்சேஞ்சில் உயரமான கோபுரம். ஊரில் குழாய் உச்சியில் யாகி ஏரியல், கீழே ரேடியோ பெட்டி, பாட்டரி, சோலார் தகடு.

'2/15' என்று ஒரு வகை. பதினைந்து ஊருக்கு இரண்டே ரேடியோ பாதை. இரண்டு ஊர் பேசிக்கொண்டிருந்தால் மற்ற பதின்மூன்றும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதன் மூத்த தலைமுறை 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய கார் தொலைபேசி. அங்கும் இதே நெரிசல். கருவி 36 கிலோ. ஊர் முழுக்கச் சில அலைவரிசைகள்தான். 1976-இல் கூட நியூயார்க்கில் பன்னிரண்டு அலைவரிசையை 545 பேர் பங்கிட்டார்கள். அங்கே காரில் போகிறவர் காத்திருந்தார். இங்கே பிரசவத்துக்கு வண்டி கேட்க வந்தவர் காத்திருந்தார். இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாரைக் கொன்றது பராமரிப்புக் குறைவு. யாரும் பேசாவிட்டாலும் அழைப்புக்காகப் பெட்டி விழித்தே இருக்கும். பாட்டரி இறங்கினால் ஊமை. மாற்றுப் பாட்டரியும் பழுதுபார்க்கிற ஆளும் தொலைவிலிருந்து வரவேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்கியவர்கள் அந்த ஆளைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

2002-க்குப் பிறகு, எல்லோருக்கும் தொலைபேசி சேர்க்க அமைத்த அரசு நிதியிலிருந்து, சுமார் 1.86 லட்சம் மார் தொலைபேசிகளை மாற்றினார்கள். பல ஊர்களில் அந்த இடத்துக்கு வந்தது டபிள்யு.எல்.எல். என்ற கம்பியில்லா இணைப்பு. அதில் ஒரு வகையான கார்டெக்ட், சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கியது. அதே சித்தூர் மாவட்டத்துக் குப்பத்திலும் அதை நிறுவினார்கள். குரலோடு இணையமும் தந்த அந்தக் கருவியையும் பிறகு செல்போன் ஓரங்கட்டிவிட்டது.