தடைப்பட்ட பாட்டுகள் – 6: செம்பட்டைத் தலைகள்

சென்ற வாரம் பாடகி மாயாவை விசா இல்லாமல் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 2006. அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து இரண்டாவது பாடல் தொகுப்பை முடிக்க வேண்டும் என்பது திட்டம். அமெரிக்கா கதவைத் திறக்கவில்லை. அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். பிறகு டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்தார். 2007 ஆகஸ்டில் 'கலா' வெளிவந்தது. அது அம்மாவின் பெயர். முதல் தொகுப்பான 'அருளர்' அப்பாவின் இயக்கப் பெயர். ஈழப் போராட்ட அமைப்பான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவரும் 'லங்காராணி' நாவலை எழுதியவருமான அதே அருளர்தான். மாதங்கி மாயா அருள்பிரகாசம் என்ற முழுப் பெயரைச் சொல்ல வாய் வராதவர்களுக்கு அவர் எம்.ஐ.ஏ.

விசா தராத கோபம் 'கலா'வில் ஒரு பாட்டாக உட்கார்ந்திருந்தது: 'பேப்பர் பிளேன்ஸ்'. குடியேறி வருபவன் என்றாலே கொள்ளைக்காரன், கள்ளப் பத்திரக்காரன் என்று நினைப்பவர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு. பல்லவியில் சொற்கள் குறைவு. அந்த இடத்தில் வரிசையாகத் துப்பாக்கி வெடிக்கும். அடுத்து குதிரையை இழுக்கும் சத்தம். கடைசியில் கல்லாப்பெட்டி 'கிளிங்' என்று திறக்கும். இந்தச் சத்தங்களோடு சேர்ந்து பாடுவது லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிக் குழந்தைகள். பின்னணியில் ஓடும் இசைத்துண்டு, தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது.

டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் அவர் இதைப் பாட மேடையேறியபோது, வெடிச் சத்தம் வரவேண்டிய இடத்தில் ஏதோ மழுங்கிய ஓசைதான் வந்தது. எம்.டி.வி.யும் வெடியை எடுத்துவிட்டு வேறு சத்தத்தைப் போட்டது. தடுத்ததனால்தானோ என்னவோ, ரசிகர்கள் அந்த இடத்தில் கைவிரலையே துப்பாக்கியாக்கிச் சுடக் கற்றுக்கொண்டார்கள்.

கோடை என்றால் நமக்கு ஏப்ரலும் மேயும். அமெரிக்கர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பள்ளிகள் மூடியதும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடற்கரை போய்ச் சேரும்வரை ஒரே பாட்டை ஓட்டுவார்கள். இந்தக் கோடையின் பாட்டு எது என்று அங்கே பத்திரிகைகள் பட்டிமன்றமே நடத்தும். 2008 கோடையில் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற கஞ்சாக் காமெடிப் படத்தின் டிரெய்லரில் மாயாவின் பாட்டைப் போட்டார்கள். தொகுப்பு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் பாட்டு பற்றிக்கொண்டது. செப்டம்பரில் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம். யாருக்கு விசா தரவில்லையோ அவருடைய துப்பாக்கிச் சத்தம் அமெரிக்கக் கார்களில் எல்லாம் கேட்டது.

அடுத்த சில மாதங்கள் தலைசுற்ற வைக்கும் வேகம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' அதே பாட்டை எடுத்துக்கொண்டது. அந்தப் படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மானோடு அவர் செய்த 'ஓ சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. (தோற்றதும் வெளியாரிடம் இல்லை, அதே படத்தின் 'ஜெய் ஹோ'விடம்.) 2009 பிப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் ஜே-இசட், கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோரோடு நின்று பாடினார். மூன்று நாள் கழித்துப் பிள்ளை பிறந்தது.

அந்த வாரங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியிலேயே டாவிஸ் ஸ்மைலியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அதை இனப்படுகொலை என்று சொல்லிவிட்டார். கேட்டவர்களில் பலர் அவரைப் புலி ஆதரவாளர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்தார்கள். மே மாதம் போர் முடிந்தது. ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட, உடையில்லாத ஆண்களைச் சீருடைக்காரர்கள் பின்மண்டையில் சுடும் காட்சி. இலங்கை அரசு அதைப் போலி என்றது. நிபுணர்களின் ஆய்வை வைத்து, அது உண்மையானது என்றே தோன்றுகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியில் சொன்னார். உலகம் அதை ஒரு செய்தியாகப் படித்துவிட்டு மறுவேலை பார்த்தது.

2010 ஏப்ரல் 26. 'பார்ன் ஃப்ரீ' என்ற பாட்டின் காணொளி இணையத்தில் ஏறியது. ஒன்பது நிமிடம். இயக்கியவர் ரோமாங் காவ்ராஸ், 'இசட்' படம் எடுத்த கோஸ்டா-காவ்ராஸின் மகன். மாயா ஒரு காட்சியிலும் தலைகாட்டவில்லை. தோளில் அமெரிக்கக் கொடி ஒட்டிய ஆயுதப் போலீஸ் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பாய்கிறது. குறுக்கே வருபவர்களை அடித்துத் தள்ளிவிட்டு ஒருவனை இழுத்து வருகிறது. வெளியே நிற்கும் பேருந்தில் அவனைப் போல இன்னும் பலர். எல்லோருக்கும் செம்பட்டை முடி, வெள்ளைத் தோல். அவர்கள் செய்த குற்றம் அந்த முடிதான். பாலைவனத்தில் இறக்கி, ஓடச் சொல்கிறார்கள். ஓட மறுத்து நிற்கும் ஒரு சிறுவனின் தலையில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறார்கள். மற்றவர்கள் ஓடுகிறார்கள். ஓடும் நிலத்தில் கண்ணிவெடி.

ஒரு நாளுக்குள் யூடியூப் அதை நீக்கியது. சில இடங்களில் வயதுத் தடைக்குப் பின்னால் தள்ளியது. மாயா முதலில் தன் இசை நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார். தப்பு அவர்கள் மேல் இல்லை என்று தெரிந்ததும் யூடியூப் பக்கம் திரும்பினார். வக்கிரம், விளம்பர வெறி, தொகுப்பு விற்கச் செய்த தந்திரம் என்று எழுதிக் குவித்தார்கள்.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். புதிய தொகுப்பு ஜூலையில், சரியாகக் கோடை நடுவில் வர இருந்தது. காவ்ராஸுக்கும் அதிர்ச்சி கொடுப்பது பழகிய தொழில். ஜஸ்டிஸ் குழுவுக்காக 2008ல் அவர் எடுத்த 'ஸ்ட்ரெஸ்' காணொளிக்கு பிரான்ஸ் கொதித்திருந்தது. 'பார்ன் ஃப்ரீ' நுட்பமான படமும் இல்லை. பார்ப்பவரின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் குழந்தைகள் பாட, துப்பாக்கி தாளமாக வெடித்தபோது இதே கூட்டம்தான் கோடை முழுக்க ஆடியது. சுடப்படுபவனின் முகத்தைக் காட்டியதும், அதுவும் வெள்ளை முகமாகக் காட்டியதும், அவர்களுக்குத் தாங்கவில்லை. சாயம் பூசிய ரத்தத்துக்கு எழுந்த கூச்சலில் பாதிகூட சேனல் 4 காட்டிய ரத்தத்துக்கு எழவில்லை. மாயா குத்த நினைத்த இடம் அதுதான் என்றால், குறி தப்பவில்லை.

பழி தீர்க்க வந்தவர்கள் படத்தைத் தொடவில்லை, ஆளைத் தொட்டார்கள். மே மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். புரட்சி பேசும் இந்தப் பெண் எப்படி வாழ்கிறார் பாருங்கள் என்கிற தொனி. அதில் மாயாவைக் கவிழ்த்த ஆயுதம் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். விலையுயர்ந்த டிரஃபிள் வாசனை போட்ட வறுவல். அதை யார் வரவழைத்தது என்பதில்தான் விஷயம் இருந்தது. மாயாவிடம் ஓர் ஒலிப்பதிவும் இருந்தது.

அதை வெளியிடும் முன் அவர் இன்னொன்று செய்தார். பேச விருப்பமுள்ளவர்கள் கூப்பிடலாம் என்று ட்விட்டரில் ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டார். அந்த எண் மாயாவுடையது இல்லை.

(தொடரும்)