முந்திரி ஓட்டு எண்ணெய்

முந்திரி ஓட்டு எண்ணெய் என்பது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து பெறப்படும் செம்பழுப்பு நிறப் பிசுபிசுப்பான நீர்மம் ஆகும். தாவரக் கழிவிலிருந்து அரோமாட்டிக் வேதிப்பொருட்களையும் எரிபொருளையும் பெறுவதற்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. இங்கு அரோமாட்டிக் என்பது மணத்தைக் குறிப்பதன்று. பென்சீன் வளையம் கொண்ட சேர்மங்களைக் குறிக்கும்.

மூலப்பொருள்

திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூருக்குத் தெற்கேயுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் மிகுதி. பேச்சுவழக்கில் இவை 'அண்டி ஆபீஸ்' எனப்படுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொட்டைகள் இறக்குமதியாகின்றன. கொட்டையின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஓடு ஆகும். தேன்கூடு போன்ற அதன் நடு அடுக்கில் எண்ணெய் உள்ளது.

வேதியியல்

பெரும்பாலான தாவரக் கழிவுகளில் பென்சீன் வளையங்கள் லிக்னின் என்னும் பெருமூலக்கூறில் பிணைந்துள்ளன. அவற்றைப் பிரிப்பது கடினம். முந்திரி ஓட்டிலோ அவை தனி மூலக்கூறுகளாகவே உள்ளன. இயற்கை எண்ணெயில் சுமார் 60 முதல் 65 விழுக்காடு அனகார்டிக் அமிலம். எஞ்சியவற்றுள் கார்டால், கார்டனால் ஆகியன முதன்மையானவை. சூடாக்கும்போது அனகார்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனாலாக மாறுகிறது. கார்டனால் என்பது 15 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி இணைந்த ஒரு ஃபீனால் ஆகும்.

பிரித்தெடுத்தல்

எண்ணெய்த் தொட்டி முறையில், சுமார் 190 பாகை செல்சியசில் உள்ள இதே எண்ணெயில் கொட்டைகள் அமிழ்த்தப்படுகின்றன. ஓட்டிலுள்ள எண்ணெய் வெளியேறித் தொட்டியில் சேர்கிறது. நீராவி முறையில், கொட்டைகளை அவித்து உடைத்தபின் ஓடுகள் இயந்திரச் செக்கில் பிழியப்படுகின்றன. உருளையில் இட்டு நேரடியாக வறுக்கும் முறையில் எண்ணெயின் பெரும்பகுதி எரிந்து காரமான புகையாகிறது.

பயன்கள்

* கார்டனால் பிசின்கள் வாகனங்களின் தடைப்பட்டைகளில் உராய்வுப் பொருளாகச் சேர்க்கப்படுகின்றன.
* கப்பல்களுக்கான எப்பாக்சிப் பூச்சுகளை இறுகச்செய்யும் பொருட்கள் கார்டனாலிலிருந்து செய்யப்படுகின்றன.
* எண்ணெயும், பிழிந்த ஓட்டுப் பிண்ணாக்கும் கொதிகலன்களிலும் சூளைகளிலும் எரிக்கப்படுகின்றன.

டீசலுடன் கலந்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் பதப்படுத்தாத எண்ணெயின் பாகுநிலையும் அமிலத்தன்மையும் மிகுதி. அது தானே தடித்துப் பிசினாகவும் கூடியது. இதனால் வடிகட்டிகள் அடைபடலாம், உலோகப் பாகங்கள் அரிக்கப்படலாம்.

தொழிலாளர் நலம்

அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் புண்ணாக்குபவை. கொட்டை உடைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ கையில் பூசிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். கையுறை இதைவிடச் சிறந்த காப்பாகும். எண்ணெயை முறையாகப் பிரித்தெடுத்தால் ஓடு மதிப்புள்ள மூலப்பொருளாகிறது. இல்லையேல் அது புகையாகவும் கைப்புண்ணாகவும் முடிகிறது.

இவற்றையும் பார்க்க

* முந்திரி
* ஃபீனால்
* லிக்னின்