பதிப்புரிமை

‘பதி’ என்றால் அழுந்தச் செய். ஈரமண்ணில் கால் பதிகிறது. தாளில் எழுத்து பதிகிறது. அதிலிருந்து பதிப்பு, ‘உரி’யிலிருந்து உரிமை. நூலை அச்சிட்டுப் படியெடுக்கும் உரிமைக்கு அமைந்த இச்சொல், இன்று பாட்டையும் படத்தையும் மென்பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது.

கொடைக்கானலின் டெவில்ஸ் கிச்சனுக்குக் குணா குகை என்ற பெயர் வந்தது 1991இல் வெளியான ‘குணா’ படத்தால். அந்தக் குகையையே களமாகக் கொண்ட ‘மஞ்சுமெல் பாய்ஸ்’ 2024இல் வந்தபோது, ‘குணா’வின் கண்மணிப் பாட்டு அதில் ஒலித்தது. பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவின் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் முறையாக வாங்கினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. சிக்கல் இங்கேதான்: ஒரே பாட்டில் வாலியின் வரி, இளையராஜாவின் இசை, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி வரியும் இசையும் படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை காக்கப்படும். திரைப்பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டிப் பங்கை உறுதிசெய்தது 2012 திருத்தம். அது மிகத் தாமதமாக வந்த நியாயம்.

படத்தின் பதிப்புரிமையை மீறும் திருட்டு விசிடிக்காரர்களைத் தமிழ்நாடு 2004இல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம்.

நாளிதழ்கள் பதிப்புரிமையைக் ‘காப்புரிமை’ என்றும் எழுதுகின்றன. அது கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டு தரப்படும் வேறு உரிமை. பாட்டுக்கும் படத்துக்கும் பதிப்புரிமை என்றே எழுதுங்கள்.