தலித் குடியிருப்புக்கு அங்கன்வாடி: கோரிப் பெறும் உரிமை

ஊர்த்தெருவில் அங்கன்வாடி இருக்கும், காலனியில் இராது. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றபின் தம்பியை மூத்த மகள் பார்த்துக்கொள்வாள். அவளது பள்ளிப்படிப்பு தடைபடும். பல கிராமங்களில் நாம் காணும் இந்நிலை வெறும் வசதிக் குறைவன்று, உரிமை மறுப்பு.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று தெளிவான ஆணை பிறப்பித்தது. நாடெங்கும் 14 லட்சம் அங்கன்வாடிகள் அமைய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் வாழும் குடியிருப்பில் மையம் இல்லையெனில், மக்கள் கோரிய மூன்று மாதங்களுக்குள் அமைத்துத் தர வேண்டும். அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறுவதை 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் உரிமையாக்கியுள்ளது.

இவ்வுரிமை கோரிக்கையிலிருந்தே உயிர்பெறுகிறது. ஆகவே, குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பெற்றோர் கையொப்பமிட வேண்டும். மையம் காலனிக்குள்ளேயே அமைய வேண்டுமெனக் குறிப்பிட்டு, கிராமசபைத் தீர்மானத்துடன் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு அளிக்க வேண்டும்; நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது: கோரிய நாளுக்கு அதுவே சான்று. மூன்று மாதங்கள் கடந்தும் நடவடிக்கை இல்லையெனில், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

மையம் அமைப்பது சலுகையன்று, அரசின் கடமை.